அருவிக்குப் பெயர் வைத்தவர் யார்?

1851-ஆம் ஆண்டு. ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்கு வந்து சேர்ந்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடம் அங்கிருந்த அரசர் ஒரு கேள்வி கேட்டார். முழக்கமிடும் புகை உங்கள் நாட்டில் இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்டவர் கொலோலோ மக்களின் அரசர் செபிட்வானே. கேட்கப்பட்டவர் டேவிட் லிவிங்ஸ்டன்.

லிவிங்ஸ்டனுக்குப் புரியவில்லை. புகை எப்படி முழங்கும்? சில நாள் பயணத் தொலைவில் ஸாம்பேசி ஆறு ஒரு பள்ளத்தில் விழுகிறது என்றும், அதிலிருந்து எழும் நீர்த்திவலைகள் புகை போல வானில் உயர்கின்றன என்றும் அங்கிருந்தவர்கள் விளக்கினார்கள். அந்த முறை அவர் அங்கே போகவில்லை. கேள்வி கேட்ட அரசரும் அவரைச் சந்தித்த சில நாட்களிலேயே இறந்துபோனார். அந்தப் புகையை நேரில் பார்க்க லிவிங்ஸ்டனுக்கு மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின.

இன்று உலகம் அந்த இடத்தை விக்டோரியா நீர்வீழ்ச்சி என்று அழைக்கிறது. ஆப்பிரிக்காவின் பெரிய அருவிகளை வரிசைப்படுத்தினால் வேடிக்கையான ஓர் உண்மை தெரியும். விக்டோரியா, லிவிங்ஸ்டன், ரிப்பன், மர்ச்சிசன் என்று அவற்றில் பல மனிதர்களின் பெயரைத் தாங்கியவை. அந்த நால்வரும் தத்தம் பெயரைத் தாங்கிய அருவியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள், பக்கத்தில் வாழ்ந்தவர்கள், அந்தத் தண்ணீரைக் கும்பிட்டவர்கள் என்ன பெயர் சொன்னார்கள்? அந்தப் பெயர்கள் எங்கே போயின?

இங்கே நமது மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சங்க இலக்கியத்திலேயே அருவி என்ற அழகான சொல் இருக்கிறது. பிறகு வந்தவர்கள் ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் மாற்றி நீர்வீழ்ச்சி ஆக்கினார்கள். தொலைக்காட்சிச் செய்தியிலும் பாடநூலிலும் அதுவே நிலைத்துவிட்டது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை வீழ்ச்சி என்று சொல்ல நம் முன்னோருக்கு மனம் வரவில்லை போலும். இக்கட்டுரையில் அருவி என்றே இருக்கட்டும்.

முழங்கும் புகை

1855 நவம்பர் 16. செபிட்வானேயின் மகன் செகெலெட்டு இப்போது அரசர். ஏறத்தாழ 200 பேருடன் அவர் லிவிங்ஸ்டனை வழியனுப்ப வந்தார். கடைசித் தூரத்தை லிவிங்ஸ்டன் ஒரு சிறிய மரக்கலத்தில் கடந்தார். சுழல்களையும் பாறைகளையும் நன்கு அறிந்த உள்ளூர்ப் படகோட்டிகள் அருவியின் விளிம்பிலேயே இருக்கும் ஒரு தீவில் அவரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆறு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பூமியில் திடீரென்று பிளந்த ஒரு விரிசலுக்குள் அது மறைவது போலிருந்தது.

அவர் பார்த்தது இதுதான். ஏறத்தாழ 1,700 மீட்டர் அகலத்துக்குப் பரந்து வரும் ஆறு, ஒரே வரிசையில் 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் விழுகிறது. விழுந்த தண்ணீர் முன்னே விரிந்து ஓட இடமில்லை. எதிரிலேயே மதில் போல இன்னொரு பாறைச் சுவர் நிற்கிறது. அந்தக் குறுகிய இடுக்கில் மோதித்தான் திவலைகள் மேலெழுகின்றன. வெள்ளக் காலத்தில் அவை 400 மீட்டர் உயரம் வரை போகும். பல கிலோமீட்டருக்கு அப்பால் நின்றாலும் தெரியும்.

லிவிங்ஸ்டனின் கணக்கு அன்று பெரிதும் தவறிவிட்டது. ஆழம் 100 அடி இருக்கலாம் என்று எழுதினார். 1860-இல் மீண்டும் வந்தபோது கயிற்றின் முனையில் துப்பாக்கிக் குண்டுகளையும் ஒரு வெள்ளைத் துணியையும் கட்டி இறக்கினார். 310 அடி கயிறு போன பிறகும் அது தண்ணீரைத் தொடவில்லை. நடுவில் ஒரு பாறைச் சரிவில் தங்கிவிட்டது. பொதுவாகப் பயணிகள் தாம் கண்டதைப் பெரிதாக்கிச் சொல்வார்கள். இவர் சுருக்கிச் சொல்லியிருக்கிறார். அதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

அவர் செய்த இன்னும் இரண்டு காரியங்கள் உண்டு. தீவின் ஒரு மரத்தில் தமது பெயரின் முதல் எழுத்துகளையும் 1855 என்ற ஆண்டையும் செதுக்கினார். தற்பெருமைக்கு இடங்கொடுத்தது அந்த ஒரு முறைதான் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அடுத்து, அங்கே ஒரு சிறு தோட்டம் போட்டார். பீச், ஏப்ரிகாட் பழக் கொட்டைகள், காப்பி விதைகள் எல்லாம் ஊன்றினார். 1860-இல் திரும்பி வந்தபோது தோட்டம் இல்லை. நீர்யானைகள் மிதித்துத் தின்று முடித்துவிட்டிருந்தன.

பெயர் விவகாரத்துக்கு வருவோம். கொலோலோ மக்கள் அந்த இடத்தை மோசி-ஓவா-துன்யா என்று அழைத்தார்கள். முழங்கும் புகை என்று பொருள். லிவிங்ஸ்டன் அதற்குத் தம் நாட்டு அரசியின் பெயரை வைத்தார். ஆப்பிரிக்காவில் தாம் வைத்த ஒரே ஆங்கிலப் பெயர் இது என்றும் தமது நூலில் எழுதினார். அந்த நூல் 1857-இல் வெளிவந்து இங்கிலாந்தில் பரபரப்பாக விற்றது. விக்டோரியா என்ற பெயர் வரைபடங்களில் ஏறிவிட்டது.

இதுவரை எல்லோரும் அறிந்த கதை. வெள்ளைக்காரர் வந்தார், நம்மவர் பெயரை அழித்துத் தம் பெயரை எழுதினார் என்று இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் அதே நூலில் அதே இடத்தில் லிவிங்ஸ்டன் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். கொலோலோ மக்கள் எடுத்துக்கொண்ட உரிமையைத்தான் தாமும் எடுத்துக்கொண்டதாக எழுதுகிறார். அதாவது மோசி-ஓவா-துன்யா என்பதே புதுப்பெயர். அதற்கு முன்பு ஷோங்வே என்ற பழைய பெயர் ஒன்று இருந்தது. அதன் பொருளை அவரால் உறுதியாகக் கேட்டறிய முடியவில்லை. கொதிக்கும் பானையாக இருக்கலாம் என்று ஊகித்தார்.

யார் இந்தக் கொலோலோ மக்கள்? அவர்கள் அந்த மண்ணுக்கு உரியவர்கள் அல்லர். இன்றைய தென்னாப்பிரிக்காவில் 1820-களில் நடந்த போர்களில் சிதறி, செபிட்வானேயின் தலைமையில் வடக்கே நெடுந்தூரம் நடந்து வந்து, ஸாம்பேசிக் கரையிலிருந்த லோசி அரசைப் பிடித்தவர்கள். அவர்களுடைய ஆட்சி ஒரு தலைமுறைக் காலம்கூடச் சரியாக நிலைக்கவில்லை. 1864-இல் லோசி மக்கள் எழுந்து அவர்களை அழித்தார்கள். ஆனால் அவர்களுடைய மொழி போகவில்லை. அவர்களை வென்ற லோசி மக்களே அந்த மொழியைத் தொடர்ந்து பேசினார்கள். அருவியின் பெயரும் அப்படியே தங்கிவிட்டது.

அருவியின் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் டோகா-லேயா மக்கள். டோங்கா இனத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வழங்கும் பெயர் ஷுங்கு நமுதிதிமா. கொதிக்கும் நீர் என்ற கருத்தில் அமைந்தது. அவர்களுடைய மூன்று தலைவர்கள் அருவி அருகே மூன்று இடங்களில் நின்று தம் முன்னோரை வழிபட்டதை லிவிங்ஸ்டனே பதிவு செய்திருக்கிறார். கொலோலோ மக்கள் தொலைவில் நின்று அச்சத்தோடு பார்த்தார்கள். டோங்கா மக்கள் விளிம்புவரை போய்க் கும்பிட்டார்கள். தொலைவில் நின்றவர் புகையைக் கண்டு பெயர் வைத்தார். அருகில் நின்றவர் கொதிநீரைக் கண்டு பெயர் வைத்தார். உலக வரைபடத்தில் இடம் கிடைத்தது முதலில், பார்க்காதவரின் பெயருக்கு.

பாலத்தின் நடுவில் ஒரு ரயில்

அருவிக்கு அடுத்து வந்தது இரும்பு. கேப் நகரிலிருந்து கெய்ரோ வரை பிரிட்டிஷ் நிலத்தின் வழியாகவே ரயில் ஓடவேண்டும் என்பது சிசில் ரோட்ஸின் கனவு. ஆற்றைக் கடக்க வேறு இடங்கள் இருந்தன. ஆனால் ரயில் பெட்டிகளின் மேல் அருவியின் சாரல் விழவேண்டும் என்று அவர் விரும்பினார். அதனால் அருவிக்குக் கீழேயே, இரண்டாம் பள்ளத்தாக்கின் மேல் பாலம் கட்ட முடிவாயிற்று. அந்த ரோட்ஸும் அருவியைப் பார்த்ததில்லை. 1902-இல் இறந்துவிட்டார்.

இங்கிலாந்தின் டார்லிங்டனில் வார்த்த இரும்புத் துண்டுகள் கப்பலில் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் வந்தன. இரு கரைகளிலிருந்தும் வளைவு ஒரே நேரத்தில் வளர்ந்தது. நடுவில் இணையவேண்டிய நாளில் ஒரு சிக்கல். பகல் வெயிலில் இரும்பு விரிந்து, இரண்டு முனைகளும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் ஒன்றையொன்று தாண்டி நின்றன. இரவுக் குளிரில் சுருங்கிய பிறகு, 1905 ஏப்ரல் முதல் நாள் அதிகாலையில் அவை கச்சிதமாகப் பொருந்தின. ஆற்று மட்டத்திலிருந்து 128 மீட்டர் உயரம். அதே ஆண்டு செப்டம்பர் 12-இல் பாலத்தைத் திறந்து வைத்தவர் பேராசிரியர் ஜார்ஜ் டார்வின். பரிணாமக் கொள்கை தந்த சார்ல்ஸ் டார்வினின் மகன்.

கெய்ரோவுக்கு ரயில் போகவே இல்லை. ஆனால் அந்தப் பாலம் வேறொரு வகையில் சரித்திரத்தில் இடம்பிடித்தது. எழுபது ஆண்டுகள் கழித்து நடந்த அந்த நிகழ்ச்சியை ஒரு நாடகத்தில் காட்டினால்கூட மிகை என்று சொல்வார்கள்.

1964-இல் வடகரை விடுதலை பெற்று ஸாம்பியா ஆனது. தென்கரையோ ரொடீசியா. 1965-இல் அங்கே இயன் ஸ்மித் தலைமையிலான வெள்ளையர் அரசு, கறுப்பின மக்களுக்குப் பெரும்பான்மை ஆட்சி தர மறுத்து, பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. 1973-இல் எல்லை மூடப்பட்டது. ஆறு, அருவி, பாலம் மூன்றும் இரண்டு பகை நாடுகளுக்கு நடுவில் தொங்கின.

1975 ஆகஸ்டில் பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடாயிற்று. எங்கே பேசுவது? ரொடீசியாவுக்கு வெளியே வர ஸ்மித் சம்மதிக்கவில்லை. ரொடீசிய மண்ணில் கால் வைத்தால் கைது செய்யப்படலாம் என்பதால் விடுதலை இயக்கத் தலைவர்கள் அங்கே போகத் தயாரில்லை. முடிவில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு ரயில் பெட்டியைக் கொண்டுவந்து பாலத்தின் நடுவில் நிறுத்தினார்கள். எல்லைக்கோடு பெட்டியின் நடுவே சென்றது. ஸ்மித்தின் குழுவினர் ரொடீசியாவில் உட்கார்ந்தார்கள். பேராயர் ஏபல் முசோரேவா, ஜோஷுவா நிகோமோ ஆகியோர் அதே மேசையின் மறுபக்கத்தில், ஸாம்பியாவில் உட்கார்ந்தார்கள். ஸாம்பிய அதிபர் கென்னத் கவுண்டாவும் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜான் ஃபோர்ஸ்டரும் இரு தரப்பையும் கூட்டி வைத்திருந்தார்கள். வெளியே அருவியின் முழக்கம்.

பேச்சு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. வெளிநாட்டில் இருந்த தலைவர்கள் கைதாகாமல் நாடு திரும்ப உறுதிமொழி வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டது. மறு தரப்பு மறுத்தது. போர் மேலும் ஐந்தாண்டு நீண்டது. 1980 ஏப்ரல் 18-இல் ஜிம்பாப்வே பிறந்தது.

விடுதலைக்குப் பிறகு பெயர்கள் மாறியிருக்க வேண்டும் அல்லவா? நாட்டின் பெயர் மாறியது. சாலிஸ்பரி என்ற தலைநகர் ஹராரே ஆனது. இங்கே போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஜிம்பாப்வே பக்கத்தில் அருவியின் பெயரும் ஊரின் பெயரும் விக்டோரியாவாகவே நிற்கின்றன. மாற்றவேண்டும் என்ற பேச்சு பலமுறை எழுந்து அடங்கியது. உலகமெங்கும் பயணிகள் அறிந்த பெயரை விட்டுவிட்டால் வருமானம் போய்விடுமே என்ற கவலையும் அதில் உண்டு. ஸாம்பியா தன் பக்கத்துத் தேசியப் பூங்காவுக்கு மோசி-ஓவா-துன்யா என்று பெயர் வைத்தது. பூங்காவை ஒட்டிய ஊரோ இன்றும் லிவிங்ஸ்டன்தான். அடிமை வாணிபத்தை எதிர்த்தவர் என்ற மரியாதை அவருக்கு அங்கே இருக்கிறது. 1873-இல் அவர் இறந்தபோது உடலைக் கடற்கரைவரை சுமந்து சென்ற ஆப்பிரிக்கத் தோழர்கள், இதயத்தை மட்டும் அந்த மண்ணிலேயே புதைத்தார்கள். 1989-இல் யுனெஸ்கோ அருவியை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது இரண்டு பெயரையும் சேர்த்து எழுதியது. மோசி-ஓவா-துன்யா, விக்டோரியா. ஷுங்கு நமுதிதிமா அதில் இல்லை.

டோங்கா மக்கள் இழந்தது பெயர் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அருவிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் கீழே 1955-க்கும் 1959-க்கும் இடையில் கரிபா அணை கட்டப்பட்டது. ஸாம்பியத் தாமிரச் சுரங்கங்களுக்கும் ரொடீசியத் தொழிற்சாலைகளுக்கும் மின்சாரம் தேவைப்பட்டது. அதற்காக ஸாம்பேசிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஏறத்தாழ 57,000 டோங்கா மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். வளமான ஆற்றங்கரை வயல்களை விட்டு மேட்டு நிலத்துக்குப் போகச் சொன்னார்கள். 1958 செப்டம்பரில் ஒரு கிராமத்தார் ஈட்டியோடு எதிர்த்து நின்றார்கள். போலீசார் சுட்டதில் 8 பேர் மாண்டார்கள். ஏரி நிரம்பியபோது தத்தளித்த யானைகளையும் மான்களையும் காப்பாற்றிய நோவா நடவடிக்கை உலகப் பத்திரிகைகளில் புகழோடு வெளிவந்தது. மனிதர்களின் கதை அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. அவர்களுடைய பல கிராமங்கள், அணை வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் மின்சாரம் இல்லாமலே இருந்தன.

காங்கோவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1877-இல் ஹென்றி ஸ்டான்லி அந்த ஆற்றின் வழியே இறங்கி வந்தார். மேலே ஏழு அருவிகள் அடுத்தடுத்து வந்த இடத்துக்கு அவர் பெயரே ஸ்டான்லி அருவி என்று ஒட்டிக்கொண்டது. இப்போது அது போயோமா. கீழே கடலுக்கு முன்னால் 350 கிலோமீட்டருக்கு நீளும் அருவித் தொடருக்கு அவர் லிவிங்ஸ்டன் என்று பெயர் வைத்தார். லிவிங்ஸ்டன் அந்தப் பக்கமே போனதில்லை. அந்த அருவிகளில் கப்பல் போகாது என்பதால் 1890 முதல் 1898 வரை ரயில் பாதை போட்டார்கள். அதிகாரபூர்வக் கணக்கின்படியே 1,900-க்கு மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். மக்காவிலிருந்து கூட்டிவரப்பட்ட சீனத் தொழிலாளர்களும் அவர்களில் அடங்குவர். அவர்களுடைய பெயரில் ஒரு பாறைகூட இல்லை.

கற்கள் என்று ஓர் ஊர்

நைல் நதிக்கு வந்தால் தமிழர்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் எதிர்ப்படும்.

1862 ஜூலை 28. ஜான் ஸ்பீக் என்ற ஆங்கிலேய அதிகாரி, பெரிய ஏரி ஒன்றிலிருந்து தண்ணீர் பாறைகளைத் தாண்டி வெளியேறும் இடத்தைப் பார்த்தார். அந்த ஏரிக்கு விக்டோரியா என்று அவரே முன்பு 1858-இல் பெயர் வைத்திருந்தார். அந்த வெளியேறும் நீரே நைல் என்று அறிவித்தார். ஈராயிரம் ஆண்டுகளாக ஐரோப்பா தேடிய ஆற்றின் தலை அது. அருவி ஒன்றும் பிரமாண்டமானதல்ல. 12 அடி உயரம்தான். பாறைகளின் மேல் ஆயிரக்கணக்கில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன, கரையில் மீனவர்கள். உள்ளூர் மக்கள் அந்த இடத்தைக் கற்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

கற்கள் என்பது ஸ்பீக்குக்குப் போதவில்லை. தமது பயணத்துக்கு ஏற்பாடு நடந்தபோது அரச புவியியல் சங்கத்தின் தலைவராக இருந்த பிரபுவின் பெயரை வைத்தார். அவர்தான் ரிப்பன். பின்னாளில், 1880 முதல் 1884 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த அதே ரிப்பன் பிரபு. உள்ளாட்சிக்கு வழி திறந்தவர் என்று இந்தியர்கள் நன்றியோடு நினைத்தார்கள். சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகை ரிப்பன் கட்டடம் அவர் பெயரில் 1913-இல் எழுந்தது. சென்னைக்குப் போய்வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ரிப்பன் அருவி இல்லை.

1907-இல் அங்கே வந்த வின்ஸ்டன் சர்ச்சில், இவ்வளவு ஆற்றல் வீணாகிறதே என்று நினைத்தார். நைல் தன் பயணத்தை ஒரு சுழலியின் வழியாகத் தொடங்கட்டும் என்ற கருத்தில் எழுதினார். அது நடக்க 47 ஆண்டுகள் ஆயின. சற்றுக் கீழே ஓவன் அருவியில் அணை எழுந்தது. 1954 ஏப்ரலில் அரசியார் இரண்டாம் எலிசபெத் அதைத் திறந்து வைத்தார். ஏரியிலிருந்து நீர் தடையின்றி வர, ரிப்பன் அருவியின் பாறைகள் வெட்டி அகற்றப்பட்டன. மிச்சமும் நீருக்குள் போனது. விக்டோரியாவின் காலத்தில் பெயர் பெற்ற அருவி, அவருடைய கொள்ளுப் பேரனின் மகள் கையால் மூழ்கிற்று என்று சொன்னால் தவறில்லை.

உகாண்டா விடுதலை பெற்ற பிறகு, அந்த அணைக்கு நலுபாலே என்ற பெயர் வந்தது. விக்டோரியா ஏரிக்கு லுகாண்டா மொழியில் உள்ள பெயர் அது. மகிழ்ச்சிதான். ஆனால் ஓவன் அருவி திரும்பவில்லை. உள்ளூர் மக்கள் வைத்த பெயர் மட்டும் சத்தமில்லாமல் பிழைத்துக்கொண்டது. அருவிக்கு அருகே வளர்ந்த நகரத்தின் பெயர் ஜிஞ்சா. ஜிஞ்சா என்றால் கல். 1948-இல் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி கரைக்கப்பட்டதும் அங்கேதான்.

ஜிஞ்சாவுக்குச் சற்றுக் கீழே புஜாகலி என்ற அருவித் தொடர் இருந்தது. பெயர் மாற்றம் எட்டிப் பார்க்காத இடம். பெயரே அங்கு குடியிருந்த தெய்வ ஆவியின் பெயர். சோகா இன மக்கள் அங்கே வழிபட்டார்கள். அந்த ஆவிக்காகப் பேசும் ஒரு பூசாரி பரம்பரை இருந்தது. அணை கட்ட வந்தவர்கள் ஆவிகளை வேறு இடத்துக்குக் குடிபெயர்க்கச் சடங்கு நடத்தினார்கள். செலவைத் திட்டமே ஏற்றுக்கொண்டது. அந்தப் பூசாரியோ ஆவி இடம் மாறாது என்று மறுத்துவிட்டார். இதை மூடநம்பிக்கை என்று சிரித்துக் கடந்துவிட முடியாது. கோயிலைப் பாதைக்காக இடம் மாற்றச் சொன்னால் எத்தனை விண்ணப்பம், எத்தனை ஊர்வலம் நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2005, 2006-இல் உகாண்டாவில் மின்சாரம் மணிக்கணக்கில் நின்றுபோனது. மருத்துவமனையும் பள்ளியும் தொழிற்சாலையும் இருளில் தவித்தன. மின்சாரம் வேண்டாம் என்று அந்த நாட்டைப் பார்த்து யார் சொல்ல முடியும்? 250 மெகாவாட் திறனுள்ள அணை 2012-இல் திறக்கப்பட்டது. அருவி முந்திய ஆண்டே மூழ்கிவிட்டது. அணைக்கு என்ன பெயர் தெரியுமா? புஜாகலி. ஒருகாலத்தில் அருவி இருந்தது, பெயரைப் பறித்தார்கள். இங்கே பெயரை மரியாதையோடு வைத்துக்கொண்டார்கள், அருவி போயிற்று.

நைலில் இன்னும் கீழே இறங்கினால் மர்ச்சிசன் அருவி. அவ்வளவு பெரிய நதி ஏறத்தாழ 7 மீட்டர் அகலமுள்ள பாறை இடுக்கில் நெருக்கிக்கொண்டு 43 மீட்டர் கீழே பாய்கிறது. 1864-இல் சேமுவல் பேக்கரும் அவருடைய துணைவி ஃபுளோரன்சும் அங்கே வந்தார்கள். மீண்டும் அதே அரச புவியியல் சங்கம், அதே கணக்கு. அதன் தலைவர் ரோடரிக் மர்ச்சிசன் பெயரை வைத்தார்கள்.

பேக்கர் 1872-இல் எகிப்தியப் படையோடு திரும்பி வந்து, பன்யோரோ நாட்டைப் பிடித்துக்கொள்வதாக அறிவித்தார். அப்போது அங்கே அரசராக இருந்தவர் இருபது வயதைத் தாண்டாத கபலேகா. அவர் போரிட்டுப் பேக்கரைப் பின்வாங்க வைத்தார். 1890-களில் பிரிட்டிஷார் பெரும்படையோடு வந்தபோது காட்டுக்குள்ளிருந்து ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார். 1899-இல் பிடிபட்டார். இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். 1923-இல் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. வழியில் ஜிஞ்சாவில் தங்கியபோது இறந்தார். ரிப்பன் அருவி அப்போது ஓடிக்கொண்டிருந்த காலம்.

1970-களில் மர்ச்சிசன் அருவி கபலேகா அருவியானது. அருவிக்குப் பெயர் வைத்தவரை விரட்டியவரின் பெயரே அருவிக்கு. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? ஆனால் வைத்தவர் இடி அமீன். 1972-இல் ஆசியர்களை நாட்டைவிட்டே துரத்திய அதே ஆள். 1979-இல் அவர் வீழ்ந்ததும், அவர் வைத்த பெயரும் கூடவே போயிற்று. வீரனுக்குச் செய்த மரியாதை கொடுங்கோலனின் கையால் வந்ததால் நிலைக்கவில்லை. நியாயமா என்றால், இல்லை. கபலேகா செய்த பிழை என்ன?

மர்ச்சிசனுக்குப் பக்கத்திலேயே இன்னோர் அருவி இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் நைல் வெள்ளம் பாறைகளை உடைத்துப் புதிதாக ஒரு வழி கண்டது. 1962-இல் உகாண்டா விடுதலை பெற்றது. அந்தப் புது அருவிக்கு மக்கள் உகுரு என்று பெயர் வைத்தார்கள். சுவாஹிலி மொழியில் விடுதலை. எந்தச் சங்கத் தலைவரின் அனுமதியும் அதற்குத் தேவைப்படவில்லை.

2019-இல் ஒரு தென்னாப்பிரிக்க நிறுவனம் அணை கட்ட அனுமதி கேட்டது அந்த உகுரு அருவியில்தான். சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்து எழுந்தார்கள். ஆகஸ்டில் அமைச்சரவை விண்ணப்பத்தை நிராகரித்தது. ஆண்டு முடிவதற்குள் ஆய்வு மட்டும் நடத்திப் பார்க்கலாம் என்று அரசாங்கமே மீண்டும் பேசியது. மறு ஆண்டு ஏரிகளெல்லாம் நிரம்பி வழிய, உகுரு அருவியில் நீர் பெருகி விழுந்தது.